வேலூர் வெயிலும் சென்னைப் புழுக்கமும்

கேள்வி: வேலூரில் 40 டிகிரி வெயிலிலும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய் வருகிறேன். லீவுக்குச் சென்னையில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் வெப்பமானி 34 டிகிரிதான் காட்டுகிறது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தெப்பலாக நனைந்துவிடுகிறேன். எது பொய்?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேலூர்

பதில்: எதுவும் பொய் இல்லை. வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்லும். உங்கள் வியர்வை காயுமா, காயாதா என்பதைச் சொல்லாது.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். அதைக் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். சூடு ஏறினால் அது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடும். வியர்த்தாலே சூடு தணிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது ஆவியாக வேண்டும். நீர் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. வேகம் மிகுந்தவை பிய்த்துக்கொண்டு காற்றில் கலந்துவிட, மந்தமானவை தங்கிவிடுகின்றன. மந்தம் என்றால் குளிர்ச்சி. 1 கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போகிறது. அதே 1 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். (இது இயற்பியல் கலோரி. பிஸ்கட் உறையில் போட்டிருப்பது இதைப்போல ஆயிரம் மடங்கு.) தாடையிலிருந்து சொட்டி விழும் வியர்வையோ அநேகமாக வீண்.

சென்னையின் கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி மண்டிக் கிடக்கிறது. தோலை விட்டுக் கிளம்பும் மூலக்கூறுகள் ஒரு பக்கம் என்றால், காற்றிலிருந்து திரும்பி வந்து தோலில் ஒட்டுபவையும் ஏராளம். அதனால்தான் அந்த நசநசப்பு.

இதை நீங்களே அளக்கலாம். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிக்கு எதிரே பிடியுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதற்குப் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்றின் ஈரப்பதம் 25 சதவீதமாக இருந்தால், 40 டிகிரியிலும் அது ஏறக்குறைய 24 வரை இறங்கும். ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 34 டிகிரியில் தொடங்கினாலும் 30-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். வானிலைச் செய்தியில் இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் ஒன்று, 40 டிகிரி உங்களுக்குச் சுலபமாகத் தெரிவதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்பதே தெரியாது. சைக்கிளில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிருமா? அணைக்கச் சொன்னால் மகன் இப்படித்தான் வாதாடுகிறான்.
- ஒரு தாய், திருச்சி

பதில்: குளிராது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும் என்பதால், மூடிய அறை துளி சூடாகவே செய்யும். ஃபேன் செய்வது, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு வியர்வை காய வழிவிடுவது. ஆளே இல்லாத இடத்தில் யார் வியர்வையைக் காயவைக்கும்? அணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கபடி ஆடும்போது வரும் வியர்வை மட்டும் ஏன் இவ்வளவு கரிக்கிறது?
- பதினொன்றாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

பதில்: சுரப்பியின் அடியில் உருவாகும்போது எல்லா வியர்வையுமே நன்றாகக் கரிக்கும். மெல்லிய நாளம் வழியாக மேலே வரும்போது, நாளத்தின் சுவர் உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது வியர்வை மெதுவாக ஏறுவதால் அதற்கு நேரம் கிடைக்கிறது. ஆட்டத்தில் வியர்வை பாய்ந்து வருவதால் உப்பும் கூடவே தப்பி வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் தொடர்ந்து ஆடிப் பழகினால் உடம்பு உப்பை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும், கரிப்பும் குறையும். அதுவரை ஆட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.