ஒருங்கிணைந்த குழந்தை நலச் சேவையை மதிப்பிடுவது எவ்வாறு?

ஒரு குழந்தையின் நலனுக்குப் பல துறைகளின் துணை தேவைப்படும்போது, அத்துறைகள் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பதையே ஒருங்கிணைந்த சேவை என்று பலரும் எண்ணுகிறோம். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செய்தியைச் சுமந்து செல்பவர் தாய் மட்டுமே என்றால், அங்கே அறைகள் அருகருகே இருக்கின்றனவே தவிர, சேவை இணையவில்லை. இந்த இணைப்பை எதைக் கொண்டு அளப்பது என்பதைப் பிறவிச் செவித்திறன் குறைபாட்டின் வழியே காண்போம்.

குழந்தைச் செவிநல வல்லுநர்கள் இதற்கென ஒரு கால அளவை வகுத்துள்ளனர். பிறந்த 1 மாதத்திற்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் குறைபாடு உண்டா என்பதன் உறுதி, 6 மாதத்திற்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்பது அதன் சாரம். மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் மிக முன்னதாகவே தொடங்கிவிடுவதால்தான் இந்த விரைவு. ஆனால் மூன்று படிகளும் வெவ்வேறு பிரிவினர் கையில் உள்ளன. ஒவ்வொரு பிரிவும் தன் பணியைச் செவ்வனே செய்தும், இடைவெளியில் குழந்தை தவறிப்போகக்கூடும்.

முதற்பரிசோதனையில், காதினுள் செலுத்தப்படும் மெல்லொலிக்கு உட்செவி திருப்பி அனுப்பும் ஒலி பதிவாகிறது. பிறந்த ஓரிரு நாட்களில் செவிக்குழாயில் தங்கிய ஈரமும் படிவும் இதைத் தடுக்கலாம். ஆகவே 'மறுபரிசோதனை தேவை' என்ற குறிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதனைத் தள்ளிப்போடவும் கூடாது. பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, செவி நரம்பை ஆராயும் பெரா பரிசோதனையும் தேவை.

நம் ஊர்களில் நேர்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெற்ற பெண் சில மாதங்கள் தாய்வீட்டில் தங்குகிறாள். மருத்துவமனைப் பதிவேட்டிலோ கணவர் வீட்டு முகவரியும் அவரது தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. மறுபரிசோதனை நாள் வந்து போய்விடுகிறது. எனவே, எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம் என்னும் எண்ணிக்கை ஒரு சேவையின் தரத்தைக் காட்டாது. திரும்பி வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் வந்தனர், வராதவர்களை யார் தேடினார் என்பனவே காட்டும்.

2013இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்திற்கும் இது பொருந்தும். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கான இத்திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, குறையுள்ள குழந்தைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்புகின்றனர். அனுப்புவதோடு கணக்கு முடிந்துவிடலாகாது.

கருவி பொருத்திய பின்னரும் சோதனை தொடர்கிறது. குழந்தையின் காது வளர வளரக் காதச்சு தளர்ந்து கருவி கீச்சிடும். கைக்குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டிவரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாத வீடுகளில் கருவி அலமாரிக்குப் போய்விடுகிறது. நாள்தோறும் எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்பதை இக்காலக் கருவிகள் பலவும் தாமே பதிவு செய்கின்றன. வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையைவிட இந்த மணிக்கணக்கு மெய்யானது.

குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும். வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் பெட்ஸ்க்யூஎல் வினாத்தாளில் 23 வினாக்கள் உள்ளன. 5 வயது நிரம்பிய குழந்தை தானே விடையளிக்கலாம்; பெற்றோருக்குத் தனித்தாள் உண்டு. இரண்டும் பலவேளைகளில் ஒத்துப்போவதில்லை. பள்ளியில் எல்லாம் நலம் என்று தந்தை குறித்திருக்க, தோழர் கேலி செய்வதாக மகள் குறித்திருப்பாள். இருவருமே உண்மையைத்தான் சொல்கின்றனர்.

18 வயதில் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறுவது மற்றொரு இடைவெளி. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 13 அல்லது 14 வயதிலேயே இதற்கான திட்டமிடலைத் தொடங்கச் சொல்கிறது. நம் இல்லங்களில் அந்த வயதில்கூட மருத்துவர் கேட்கும் வினாக்களுக்கு அம்மாவே விடை சொல்லிவிடுகிறார்.

அடுத்த முறை வரும்போது ஒரு குறிப்பேடு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் சொல்லப்பட்ட நாள், நிறைவேறிய நாள், அடுத்துப் பொறுப்பேற்பவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். தாய்வீட்டுத் தொலைபேசி எண்ணையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தால், அன்றே எங்கள் செவிலியரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.