பாறையில் வெப்பம் பரவுதல்

பல்லாவரத்துக் குன்றின் பாறை பகல் முழுதும் வெயிலிற் காய்ந்தும், 1 மீட்டர் ஆழத்தில் அச்சூடு தோன்றாமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லினுள் வெப்பம் மெல்லவே பரவும். தூரம் 10 மடங்காயின் காலம் 100 மடங்காகும். ஓராண்டில் சுமார் 5 மீட்டர் செல்லும் வெப்பம் 50 மீட்டர் செல்ல நூறாண்டு வேண்டும்.

அணு உலைக் கழிவு தன் கதிரியக்கத்தால் நெடுங்காலம் சூடு உமிழும். அதனைக் கண்ணாடியுடன் உருக்கி ஆழ்பாறையில் வைக்கக் கருதுவோர்க்கு இவ்விதியே வழிகாட்டி. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் கோலார்த் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், பாறையுள் மின்சூடேற்றிகளை இட்டு ஆராய்ந்தனர். சில ஆண்டுச் சோதனை சில மீட்டர்களையே காட்டும். கழிவிலுள்ள சீசியம்-137 பாதியாகவோ 30 ஆண்டாகும். அதற்கப்பாலுள்ள காலத்தைக் காண நமக்குக் கணிதமே கண். பிற்சந்ததியாரின் நலம் அக்கணக்கின் செம்மையைப் பொறுத்ததன்றோ?