விரலை இயக்குவது எது?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர் பலர் குடியேறிய இடம் மும்பையின் தாராவி. அங்கே தோல்பை தைக்கும் ஒருவர் ஊசியைச் செலுத்தும்போது, விரலே வேலை செய்வதாகப் பார்ப்பவர் எண்ணுவர். உண்மை வேறு. விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலில் இல்லை; முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. அவற்றின் இழுவிசையைத் தசைநாண்கள் விரலெலும்புகளுக்குக் கொண்டு செல்கின்றன.

உடலின் அமைப்பு முழுவதும் இத்தகையதே. உயிரணுக்கள் கூடித் திசுவாகின்றன. எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு எனத் திசுக்கள் நால்வகைப்படும். திசுக்கள் சேர்ந்து உறுப்பும், உறுப்புகள் சேர்ந்து மண்டலமும் உருவாகின்றன. தொழிலாளியின் கையிலுள்ள தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அவரது தசைநாணுக்கு வலிமை தருவதும் அதுவே. மூளை ஆணையிட, நரம்பு அதைச் சுமக்க, இதயம் குருதியை அனுப்ப, நுரையீரல் உயிர்வளியை ஈட்டித் தர, ஊசி நகர்கிறது. தனக்கென்று மட்டும் உழைக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. சடலத்தைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு இரவுகள் வைத்து, பின்னர் மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காகக் கண்ணால் கண்டறியும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. சல்லிய நூலின்படி எலும்புகள் 300 என்கிறது அது. பற்களும் குருத்தெலும்புகளும் அக்கணக்கில் அடங்கும். இன்றைய கணக்கில் வளர்ந்தவருக்கு 206. காலப்போக்கில் சடலத்தைத் தொடுவதே தீட்டு எனக் கருதப்பட்டது. 1836-ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆயுர்வேதப் பண்டிதரான மதுசூதன குப்தர் அத்தடையைக் கடந்து, உடலைக் கூறிட்டு ஆராய்ந்தார்.

தாராவிக்கு அருகே, சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்கு உடற்கூற்றைக் கற்பிக்கும் மௌன ஆசிரியர், யாரோ ஒருவர் விட்டுச்சென்ற உடல். மேசைமீதுள்ள அவ்வுடலில் சாதியும் மொழியும் செல்வமும் தென்படுவதில்லை. எல்லாருடைய கையிலும் எலும்புகள் 27தாம்.

உடல்தானம் என்றதும் குடும்பத்தினர் தயங்குவது இயல்பு. ஈமக்கடன் குறைவுறுமோ என்னும் கவலை மதிக்கத்தக்கதே. ஆகவே தானம் செய்ய விழைபவர் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் முன்னதாகவே பதிவு செய்வதுடன், தம் கருத்தை வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசிவைத்தல் வேண்டும். மரணத்துக்குப் பின் காலந்தாழ்த்தாது கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள் அவர்களே அல்லவா!

விரல் ஊசியைச் செலுத்த உடல் முழுவதும் துணை நிற்கிறது. அவ்வுடலே ஒருநாள் முகமறியா மாணவனுக்குப் பாடமாகி, அவன் வழியே முகமறியா நோயாளிக்கு மருந்தாகுமெனில், பிறர்க்கு உழைத்தல் என்னும் தன் இயல்பிலிருந்து அது இறுதிவரை வழுவவில்லை எனலாம்.