துகளைக் கண்டவர் எவரும் இல்லை

அன்புள்ள தங்கைக்கு,

பார்வையற்ற ஒருவர் துகள் இயற்பியலை மேற்படிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்னும் வினாவுக்கு விடை காண, அத்துறையில் கண்ணுக்கு இன்று எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. 1909ஆம் ஆண்டளவில் மான்செஸ்டரில், ரதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில், கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள்கள் மோதும்போதெல்லாம் தோன்றும் மினுக்கங்களை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினர். 1934இல் சோவியத் ஆய்வாளர் பாவெல் செரென்கோவ், காமாக் கதிர் பட்ட திரவங்களில் எழும் மங்கிய நீல ஒளியை அளக்கும் முன், கண் இருளுக்குப் பழகச் சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நீல ஒளிக்கான காரணத்தை 1937இல் ஃபிராங்க், டாம் என்னும் இருவர் விளக்கினர். வெற்றிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, ஒளிவிலகல் எண் 1.33 உடைய நீருக்குள் 2.25 லட்சம் கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வெற்றிடத்து ஒளியை எத்துகளாலும் முந்த இயலாது. ஆனால் நீருக்குள் வேகம் குறைந்த ஒளியை மின்னூட்டம் பெற்ற துகள் முந்தலாம். அவ்வாறு முந்தும் துகள், தன் பாதையோடு ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் கூம்பு வடிவில் ஒளியைச் சிதறவிட்டுச் செல்கிறது. இதுவே செரென்கோவ் ஒளி எனப்படுகிறது.

ஜப்பானில், மலைக்கு அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், 1996 முதல் இயங்கிவரும் சூப்பர் காமியோகாண்டே என்னும் துகள் ஆய்வகம் இந்த ஒளியியல் விதியையே தன் கருவியாகக் கொண்டுள்ளது. 50,000 டன் நீர் நிரம்பிய உருளைத் தொட்டியின் உட்சுவரை, ஒவ்வொன்றும் அரை மீட்டர் விட்டமுள்ள 11,000க்கும் மேற்பட்ட ஒளிமின் பெருக்கிகள் மூடியுள்ளன. ஒளியின் மிகச் சிறிய அலகாகிய ஒரு ஃபோட்டான் பெருக்கியின் முகப்பில் பட்டால் ஓர் எலக்ட்ரான் வெளியேறக்கூடும். அது அடுத்தடுத்த உலோகத் தகடுகளில் மோதி ஒரு கோடி என்ற அளவுக்குப் பெருகி, அளக்கத்தக்க மின்துடிப்பாகிறது. எந்தப் பெருக்கியில், எந்த நேரத்தில், எவ்வளவு மின்னூட்டம் என்னும் எண்களே இறுதியில் ஆய்வாளரின் கைக்கு வருகின்றன. நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற துகள் நீரில் மோதும்போது மியூவானோ எலக்ட்ரானோ பிறக்கும்; எலக்ட்ரானைவிடக் கனமான மியூவான் உண்டாக்கும் வளையத்தின் விளிம்பு தெளிவாகவும், நீரில் பலவாறு சிதறும் எலக்ட்ரானின் வளையம் கலங்கியும் இருக்கும் என்று நூல்கள் கூறினும், அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது கணினி நிரலே. வளையம் என்பதே எண்களைக் கொண்டு பின்னர் வரையப்படும் படம்தான். இவ்வாறு வளையங்களை எண்ணியே, பூமியைக் கடந்து கீழிருந்து வரும், மியூவானைத் தரும் வகையாகிய மியூவான் நியூட்ரினோக்கள் மேலிருந்து வருபவற்றைவிடக் குறைவு என்றும், அவை வழியில் வேறு வகையாக மாறுகின்றன என்றும், ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்றும் 1998இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே பார்வையற்றவருக்குத் தடை கருவியில் இல்லை. சமன்பாடு அச்சிடப்படும் முறையில் இருக்கிறது. திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றும் மென்பொருளாகிய திரைவாசிப்பான், பி.டி.எஃப். கோப்பில் 10⁸ என்பதைப் பலவேளைகளில் நூற்றெட்டு என்று வாசித்துவிடுகிறது. பத்துக் கோடி நூற்றெட்டாகச் சுருங்கினால் இயற்பியலில் எஞ்சுவது ஒன்றுமில்லை. அக்கோப்பில் பெரும்பாலும் எழுத்துகளும் அவை நிற்கும் இடங்களுமே பதிவாகின்றன. எது அடுக்கு, எது பின்னத்தின் பகுதி என்னும் செய்தி அதில் இல்லை. ஆனால் இயற்பியலாளர் தம் கட்டுரையை எழுதும் லேடெக் மொழியில் அடுக்குக்கு ஒரு குறியும் பின்னத்துக்கு ஒரு கட்டளையும் முன்பே உள்ளன. எனவே பொருள் தொலைவது எழுதும்போது அன்று, அச்சுக்கு மாற்றும்போதுதான்.

இதனை நன்குணர்ந்தவர், சிறுவயதிலேயே பார்வை இழந்த கணினி அறிஞர் டி.வி. ராமன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டத்துக்காக அவர் உருவாக்கிய ஆஸ்டர் என்னும் நிரல் (அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதுவே) லேடெக் மூலத்தையே நேராகப் படித்து, மேலடுக்கு வந்தால் குரலின் சுருதியை உயர்த்தியும் கீழ்க்குறி வந்தால் தாழ்த்தியும் சமன்பாட்டைக் காதுக்குப் புலப்படுத்தியது. அச்சுப் பக்கத்தை நகலெடுக்காமல், கணிதத்தின் கட்டமைப்பை ஒலியில் புதிதாக அமைத்ததே இதன் சிறப்பு; அதன்பின் வந்த முயற்சிகள் பலவற்றைவிட இது துணிவானது என்றே சொல்ல வேண்டும்.

துகள் இயற்பியலாளரின் கட்டுரைகளுக்காக 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியம், லேடெக் மூலத்தோடு வரும் புதிய கட்டுரைகளை 2023 டிசம்பர் முதல் எச்.டி.எம்.எல். என்னும் இணையப்பக்க வடிவிலும் தருகிறது. அவற்றில் மாற்றம் பிழையின்றி அமைந்தவற்றின் சமன்பாடுகளைத் திரைவாசிப்பான் உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்லும். கல்லூரிப் பாடக்குறிப்புகள் அந்நிலையை இன்னும் எட்டவில்லை. ஆகவே சமன்பாடு நிறைந்த குறிப்பு பி.டி.எஃப். வடிவில் மட்டும் வந்துசேரும்போது, அதன் லேடெக் மூலக்கோப்பை ஆசிரியரிடம் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள். அதைத் தட்டச்சு செய்தவரின் கணினியில் பெரும்பாலும் அது இருக்கும்.