அம்பாசடர் காலத்து வைத்தியம்

சித்திரை வெயிலில் மலையேறும் அம்பாசடர் பாதி வழியில் நின்றுபோனால் அந்தக் காலத்து டிரைவர் பதற மாட்டார். பானெட்டைத் திறந்து, ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடிப்பார். வண்டி கிளம்பிவிடும். அதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. இன்ஜினோடு ஒட்டியிருந்த பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். ஈரத்துணி அந்தச் சூட்டைத் தணித்தது. இன்றைய காரில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அங்கிருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. துணி சுற்ற இடமே கிடையாது.

துணி போய்விட்டது. ஆனால் அதே காலத்தில் பிறந்த மற்ற வைத்தியங்கள் போகவில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது; மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில் விடைபெற்றது. இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறும் ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரும் சென்சார்களும் அலுமினிய ஹெட்டும் இருக்கின்றன. அவற்றுக்கும் இரும்பு ஹெட், கார்புரேட்டர் காலத்து மருந்தையே கொடுத்தால் செலவு இரட்டிப்பாகிறது.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாது சார்”

மெக்கானிக் ஷெட்களில் இதைவிடத் தீர்க்காயுசு கொண்ட வாக்கியம் இருக்காது. “குளிர் நாட்டுக்காரன் வெச்சது, நம்ம ஊருக்கு எதுக்கு?” என்ற துணை வாதமும் கூடவே வரும்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகின் விரிவால் இயங்கும் ஒரு சின்ன வால்வு. கூலன்ட் 82 முதல் 88 டிகிரி வரை சூடாகும்வரை மூடியிருக்கும். பிறகு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். சென்னை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 45 டிகிரிக்குள்தான். இன்ஜின் கேட்கும் வெப்பத்தில் அது ஏறக்குறைய பாதி. வால்வைக் கழற்றிவிட்டால், நெடுஞ்சாலையில் காற்று பட்டதும் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்துபோகும். கம்ப்யூட்டரோ ‘வண்டி இன்னும் சூடேறவில்லை’ என்று முடிவு செய்து கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து களிம்பாகப் படியும். ஓ.பி.டி. என்ற சுயபரிசோதனை வசதி உள்ள கார்களில் பி0128 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) விழுந்து டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். சில இன்ஜின்களில் கதை இன்னும் விபரீதம். அங்கே தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் குழாயை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றிச் சுற்றி வரும். எதைத் தடுக்கக் கழற்றினார்களோ அதுவே நடக்கும்.

கழற்றியதும் பல வண்டிகளில் டெம்பரேச்சர் முள் இறங்குவதும் உண்மைதான். அப்படியானால் மாட்டிக்கொண்டிருந்தது பழுதான தெர்மோஸ்டாட். புதிது போட்டாலும் முள் இறங்கியிருக்கும். சிறிய கார்களுக்கு அது ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற சாமான்.

ஹீட் ஆகும் வண்டியில் எதையும் கழற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எப்போது ஹீட் ஆகிறது? சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபேனை ஓடச் சொல்லும் சென்சார் என்று தேடலாம். நெரிசலில் சும்மா இருந்து, பைபாஸ் ரோட்டில் 90-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, இல்லையேல் வாட்டர் பம்ப். எல்லா நேரமும் ஏறுகிறது, கூலன்டும் குறைகிறது, ஒழுகல் எங்கும் தெரியவில்லை என்றால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் போக வேண்டும். அதற்கும் எளிய சோதனை இருக்கிறது. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். தொடர்ந்து குமிழ் கிளம்பினால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் நுழைகிறது என்று பொருள். சூடான வண்டியில் இதைச் செய்யக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

அந்த மூடியையும் யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று எழுதியிருக்கும் மூடி, உள்ளே 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. தண்ணீர் 100-லேயே கொதித்து வெளியேறும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

போர்த் தண்ணீர் ஊற்றுவதும் அம்பாசடர் பழக்கம்தான். இரும்பு ஹெட் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. அலுமினியத்தை உப்புத் தண்ணீர் அரிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படியும். கூலன்டில் குளிர்ச்சியைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. இங்கே தண்ணீர் உறையாது, ஆகவே கூலன்ட் வேண்டாம் என்ற வாதம் அந்த மருந்தை மறந்துவிடுகிறது.

ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றலாமா?

டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது ஒரு வித்தை. வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு. எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. இன்றைய ஆல்டர்நேட்டரில் பேட்டரி என்ற சுமை சட்டென்று விலகினால் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்தக் கணம் போதும், இ.சி.எம். என்கிற கம்ப்யூட்டரைக் கொல்ல. சோதித்தது டைனமோவை, செத்தது கம்ப்யூட்டர்.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்நேட்டர் தன் வேலையைச் செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால்? பெரும்பாலும் “செல்ஃப் மோட்டார் போச்சு” என்று கழற்றிவிடுவார்கள். அதற்கு முன் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் வயர். பத்துப் பன்னிரண்டு வருட வண்டிகளில் பாடியோடு சேரும் போல்ட்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் வேலை முடிந்தது.

“ஸ்கேனர் போட்டா எந்தப் பார்ட்னு சொல்லிடும்”

சொல்லாது. பி.எஸ்.4 கார்களில் ஓ.பி.டி. 1, 2010 ஏப்ரலிலும் ஓ.பி.டி. 2, 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. இன்று கைக்குள் அடங்கும் ப்ளூடூத் கருவியும் ஒரு செயலியும் இருந்தால் வீட்டு வாசலிலேயே கோடு படிக்கலாம். சிக்கல், கோடைப் படித்ததும் பாகத்தை ஆர்டர் செய்வதில் இருக்கிறது.

பி0171-ஐ எடுத்துக்கொள்ளலாம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே அதன் செய்தி. அதைக் கண்டுபிடித்தது சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். எனவே பழி அதன் மேலேயே விழுகிறது. பல ஆயிரம் கொடுத்துப் புதிது போட்ட ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரியும். வெடித்த வேக்குவம் குழாய், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், பலமிழந்த பெட்ரோல் பம்ப், சென்சாருக்கு முன்னால் ஒழுகும் சைலன்சர் பைப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிரித்தறிய அதே செயலியில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் ஐடிலிங்கில் 20-க்கு மேல் இருந்து, ஆக்சிலேட்டரை 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. சுற்று கூடக் கூட எண்ணும் ஏறினால் பம்பையும் ஃபில்டரையும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஷெட்டில் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி கேட்டால் தரத் தயங்குகிறோம், பாகத்துக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் தருகிறோம் என்பதும் இந்த வியாதிக்கு ஒரு காரணம்.

வாங்கப் போகிறவருக்கு இன்னொரு செய்தி. விளக்கு எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. விற்பவர் காலையில் கோடை அழித்திருக்கலாம். அழித்தால் ‘ரெடினஸ்’ என்ற சுயபரிசோதனைப் பட்டியலும் சேர்ந்து அழிந்துவிடும். வண்டி பல முறை ஓடிய பிறகே அது நிரம்பும். தினமும் ஓடுகிற வண்டி என்கிறார், பட்டியலில் பாதி ‘முடியவில்லை’ என்று காட்டுகிறது என்றால் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்கலாம்.

புகையும் கேஸும்

நீலப் புகை வந்தாலே “இன்ஜின் வேலை” என்பது பாதி உண்மை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல். இன்ஜினை இறக்காமலே பல கார்களில் மாற்றலாம். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால்தான் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன் குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி அளந்தால் விடை கிடைக்கும்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஊட்டி, கொடைக்கானல் காலைகளில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி.

ஏ.சி.க்கு வருடாவருடம் கேஸ் ஏற்ற வேண்டும் என்பது பணம் பண்ணும் நம்பிக்கை. கேஸ் எரிபொருள் அல்ல, தீர்ந்துபோகாது. ஆண்டுதோறும் குறைகிறது என்றால் ஒழுகுகிறது. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே கசிவதால் குழாய் இணைப்பிலோ கண்டென்சரிலோ எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும்; அதுதான் ஓட்டை. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் சூடாக ஊதும் ஏ.சி.யில் கேஸைத் தொடுமுன் கண்டென்சர் ஃபேனைப் பார்ப்பது நல்லது.

“டாக்டர் ஓட்டின வண்டி, இருபதாயிரம்தான் ஓடியிருக்கு”

ஓட்டம் குறைவு என்பது பாராட்டு மட்டும் அல்ல. மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ இவற்றில் டைமிங் பெல்ட் ரப்பர். கிலோமீட்டரோடு வயதும் அதைத் தின்னும். பன்னிரண்டு வருடம் ஷெட்டில் தூங்கிய வண்டியின் முதல் பெல்ட் எந்த நிமிடமும் அறுகலாம். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி ஹெட்டே வளைந்த வால்வுகளோடு வெளியே வரும். மாருதியின் பிற்கால கே சீரிஸ், 1.3 டீசல் இன்ஜின்களில் செயின் இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

ஓடோமீட்டரைத் திருப்புவது லேப்டாப் வேலை. டயரைத் திருப்ப முடியாது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. இருபதாயிரம் ஓடியதாகச் சொல்லும் 2012 வண்டியில் நான்கு டயரும் 2019 என்றால், முதல் டயர்கள் எங்கே தேய்ந்தன? வயதாகி மாற்றினோம் என்பது ஏற்கத்தக்க பதில்தான். அப்போது கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பதிவெண் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கி இன்சூரன்ஸ் ஏலத்தில் போன வண்டி வேறு ஊர் ஆளிடமும் இருக்கலாம். பதிவெண்ணைப் பார்ப்பதற்குப் பதில் சீட் பெல்ட்டை அதன் கடைசி முழம் வரை இழுத்துப் பார்க்கலாம். மேலே பாலிஷ் போட்டவர்கள் அங்கே மறந்திருப்பார்கள்; சேற்றுக் கறை கோடாக நிற்கும்.

கடைசியாக, 15 வருடம் ஆனால் வண்டியை உடைக்க வேண்டும் என்ற பயம். டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் போட்ட உத்தரவுகள் இங்கே வதந்தியாக வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் சொந்தக் காரை 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறியிருக்கிறது: 2022 ஏப்ரலில் 600 ரூபாய் 5,000 ஆனது. இந்தப் பயத்தால் 13, 14 வருட வண்டிகள் மலிவாக விலைக்கு வருகின்றன. இன்ஜினைவிட அவற்றில் பார்க்க வேண்டியது அடித்தகடு. தனிச் சேஸிஸ் இல்லாத சிறிய கார்களில் பாடியே எலும்பு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியாக இருந்தால் ஜாக்கி வைக்கும் இடத்தையும் முன் சஸ்பென்ஷன் மேலே சேரும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்க்கலாம். தகடு உள்ளே அமுங்கினால் விலை பேச வேண்டியதே இல்லை.