ஏடுகளை இணைக்கும் எண்

விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைத் திருத்தும் பணி என்பால் ஒப்படைக்கப்பட்டது. சேர்வு இடாப்பைப் பார்த்துத் தட்டெழுதிய விரிதாள் ஒன்று. சந்தா செலுத்தினோரின் விரிதாள் மற்றொன்று. முன்னதிலே தந்தை பெயரும் தோட்டமும் உள. பின்னதிலே முகவரி உளது. இரண்டுக்கும் பொதுவாயிருந்தது பெயர் ஒன்றே. அதனைக் கொண்டு இணைத்தேன். நொடிப்பொழுதில் வேலை முடிந்தது. அடுத்த வாரம் பசறைப் பக்கத்து இராமசாமி ஒருவருக்கு நான்கு அழைப்பிதழ்கள் போய்ச் சேர்ந்தன. ஏனைய மூன்று இராமசாமிகளும், கல்லூரி தம்மை மறந்ததென மனம் வருந்தினர். அப்பிழை எனக்குக் கற்பித்ததை இன்றைய மாணவருக்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

விரிதாளில் நிரை ஒவ்வொன்றும் ஓர் ஆளையும், நிரல் ஒவ்வொன்றும் அவரைப் பற்றிய ஒரு செய்தியையும் குறிக்கும். இரு தாள்களுக்கும் பொதுவான நிரலை இணைப்புப் புலம் என்போம். ‘வீ-லுக்கப்’ என்னும் சார்பு, முதல் தாளிலுள்ள மதிப்பை எடுத்துக்கொண்டு, இரண்டாம் தாளில் நாம் குறித்த பரப்பின் முதல் நிரலிலே தேடி, அகப்பட்ட நிரையிலிருந்து வேண்டிய செய்தியைக் கொணரும். முதற் பொருத்தம் கிடைத்த மாத்திரத்தே அது நின்றுவிடும். கீழே வேறு இராமசாமிகள் உளர் என்று சொல்லாது. அன்றியும், அதன் இறுதி உள்ளீட்டை ‘ஃபால்ஸ்’ எனக் கொடாதுவிடின், சரியான பொருத்தம் இல்லாதவிடத்தும் வேறொன்றைப் பொருத்தமெனத் தந்துவிடக்கூடும். பிழையென்று காட்டும் கலத்தினும், பிழையைச் சரியெனக் காட்டும் கலமே அஞ்சத்தக்கது. ஆகலின் இணைக்குமுன், ‘கவுண்ட்-இஃப்’ கொண்டு ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகின்றதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான் அதனைச் செய்திலேன்.

பெயரைக் கொண்டு ஆளைத் தேடுதல் எவ்வூரிலும் இடர் தருவதே. ஊவாத் தோட்டங்களில் அவ்விடர் பன்மடங்காகும். ஒரே லயத்தில் முனியாண்டிகள் இருவர் இருப்பர். ஒருவர் பெயரே செக்ரோலில் ஆங்கிலத்திலும், பிறப்புப் பதிவில் சிங்களத்திலும், பாடசாலை இடாப்பில் தமிழிலும் எழுதப்பட்டு மூன்று உருவம் பெறும். தோட்டத்துக்கும் துரைமார் இட்ட பெயர் ஒன்று, மக்கள் வழங்கும் பெயர் வேறொன்று. 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. ஏடுகளும் அவற்றோடு கைமாறின.

இது வெறும் அழைப்பிதழ்ப் பிரச்சினையன்று. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ், மணமானவர் 1946 சனவரி 1-ஆந் தேதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. வேலை செய்த ஆண்டுகளைச் செக்ரோலும், பிள்ளை பிறந்த ஆண்டைப் பிறப்புப் பதிவும், அது படித்த ஆண்டைப் பள்ளி இடாப்பும் கூறும். மூன்றிலும் உள்ளவர் ஒருவரே என்று காட்டும் பொது எண் எதுவும் இல்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. மறுப்புக்குப் பெருங்காரணம் சட்டத்தின் இறுக்கமே என்பது என் கருத்து. எனினும், ஏட்டுக்கு ஏடு மாறிய பெயரும் எளியவர் தலையில் ஏறிய சுமையே. கடல் கடந்து வந்த தொழிலாளிக்குத் தோட்டத்தைக் காட்டும் எண் பொறித்த தகரத்துண்டை அணிவித்த காலமும் ஒன்று இருந்தது. கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எண் இருந்தது. வாழ்ந்ததை நிறுவுதற்கு எண் இல்லாது போயிற்று! நாடற்றோர் நிலைக்குச் சட்டமுறையான தீர்வு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டது.

ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியவருக்கும், அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்ட ஏட்டில் வேறு பெயருமாயின் அலைச்சலே மிஞ்சும்.

அடையாள அட்டை இலக்கம் நல்ல இணைப்புப் புலம். ஆயினும் 2016 முதல் அது பன்னிரண்டு இலக்கமாயிற்று. முன்னையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். ஒருவரின் பழைய இலக்கம் ஒரு தாளிலும் புதியது மற்றொன்றிலும் இருப்பின் கணினி இருவரெனக் கொள்ளும். பழையதன் முன்னே 19 சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். இரு தாளிலும் அதனை எழுத்துருவாகவே வைத்தல் வேண்டும்; ஒன்றில் எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் இருப்பின் பொருந்தாது. பாமினி எழுத்துருவில் அடித்த பெயரும் யூனிக்கோடில் அடித்த பெயரும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு.

இவ்வளவு செய்தும் பொருந்தாத நிரைகள் எஞ்சும். அவற்றை அழித்துவிடாது தனித் தாளில் வைத்து, ஒவ்வொருவராக விசாரித்தே சேர்த்தல் வேண்டும். எனது அத்தனித் தாளில் இன்னும் பலர் உளர். பழைய மாணவர்கள் தத்தம் சேர்விலக்கத்தை எழுதி அனுப்புவாராக. அதனை மறந்தோர் தந்தை பெயரையும், சேர்ந்த ஆண்டையும், தோட்டத்தின் இரு பெயர்களையும் எழுதினால் போதும். இடாப்பைப் புரட்டி நானே கண்டுகொள்வேன். இராமசாமிகள் மட்டும் தவறாது பிறந்த தேதியையும் சேர்த்து எழுதுக.