நாக்கைத் திட்டிப் பயனில்லை

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் தறிச் சத்தம் கேட்கும். அந்த நேரத்துக்குப் பட்டறைக்குள் டீ வந்தால், கூடவே முறுக்கோ மிக்சர் பொட்டலமோ வந்துவிடும். "இந்த நாக்கை மட்டும் அடக்க முடியலைங்க" என்று சொல்லிக்கொண்டே தின்பார்கள். நொறுக்குத்தீனி பற்றி நம் ஊரில் உலவும் பேச்சுகளில் பாதி இப்படி நாக்கின் மேல் பழி போடுபவைதான். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

"மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள்தான் கண்டதையும் தின்பார்கள்."

2004இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நல்ல உடல்நலத்தோடு இருந்த 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். இன்னொரு முறை அதே ஆட்களுக்குப் பத்து மணி நேரப் படுக்கை. தூக்கம் குறைந்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு 28 சதவீதம் ஏறியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அப்போது எதன் மேல் ஆசை கூடியது தெரியுமா? இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவையெல்லாம் இவைதானே!

பன்னிரண்டு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் தூக்கம் குறைந்தால் தீனி ஆசை கூடும் என்பதில் பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ராத்திரி ஷிப்டு முடித்து, பகல் வெயிலில், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே நாலைந்து மணி நேரம் கண்ணை மூடுகிறவரிடம் போய் மனக்கட்டுப்பாடு பற்றிப் பிரசங்கம் செய்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அவருக்கு முதலில் வேண்டியது, ஜன்னலுக்கு ஒரு கனமான திரை. அடுத்து, ஷிப்டுக்குக் கிளம்புமுன் வயிறு நிறையச் சாப்பாடு. நடுராத்திரிக்கு ஒரு வேகவைத்த முட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு போகலாம். பக்கத்திலேயே நாமக்கல் இருக்க, முட்டைக்கா பஞ்சம்? ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், எழுபதை ஒட்டிய கலோரி. முட்டை வேண்டாதவருக்கு வேகவைத்த கடலைக்காய்.

"வீட்டில் சுட்டது, அதுவும் செக்கு எண்ணெயில். ஒன்றும் செய்யாது."

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கு 4. முறுக்கு என்பது எண்ணெய் குடித்த மாவு. எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தக்காளிக் கூடையில் "முள் இல்லாதது" என்று எழுதி ஒட்டியது போலத்தான் அது.

ஆனாலும் வீட்டுப் பண்டத்தையும் பாக்கெட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க மாட்டேன். 2019இல் வெளியான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வில் 20 பேரை நாலு வாரம் ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான தீனி, இரண்டு வாரம் சமையலறைச் சாப்பாடு கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் தின்னலாம். ஆலைத் தீனி வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள், வேகமாகவும் தின்றார்கள். ஆளும் அதே, நாக்கும் அதே, மாறியது தட்டில் இருந்தது மட்டுமே.

நம் சேலத்துத் தட்டுவடை செட்டில் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலாவது இருக்கிறது. நின்றபடி ஒரு செட் தின்றுவிட்டு நடையைக் கட்டினால் குடி முழுகிப்போகாது. அடுத்து ஒரு நொறுக்கல் சொல்லும்போதுதான் கணக்கு தப்புகிறது.

"நாட்டுச்சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்."

வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரையேதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 50 கிராம். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. இரண்டு தேக்கரண்டி போட்ட டீ ஐந்து குடித்தால் வரம்பு அங்கேயே தீர்ந்தது. ஜவ்வரிசி இலேசானது என்பதும் இந்த ரகம்தான். அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. புரதம் இல்லை என்றே சொல்லலாம்.

"வாங்கி வைத்தால் என்ன, தொடாமல் இருக்கப் பழக வேண்டும்."

அலமாரியில் மிக்சர் இருந்தால் கை போகும். இது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2020இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதைவிட, கடையைத் தள்ளி வைப்பது மேல் என்ற கணக்கு. வீட்டுக்கும் அதையே செய்யுங்கள். கிலோ கணக்கில் வாங்காமல், வேண்டும்போது ஐம்பது கிராம் வாங்கி வாருங்கள்.

"உடம்புக்கு வேண்டியதைத்தான் நாக்கு கேட்கும்."

அப்படியானால் யாராவது நடுராத்திரியில் முருங்கைக்கீரைக்கு ஏங்கியிருக்க வேண்டும். நாலு மணி மிக்சர் ஆசை உடம்பின் குறையால் வருவதில்லை. கடிகாரமும் பஜ்ஜி வாசனையும் பழக்கிவிட்டது.

இதில் ஒரு விலக்கு உண்டு. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கும் பெண்கள் நம் தெருவில் உண்டு. மண், சாம்பல், சாக்பீஸ் தேடுகிறவர்களும் உண்டு. "கெட்ட பழக்கம்" என்று திட்டி, அரிசிப் பானையை ஒளித்து வைப்போம். பல நேரம் அது இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. குறையைச் சரிசெய்தால் அந்த மெல்லும் ஆசை பெரும்பாலும் தானாகவே விட்டுப்போகும். உங்கள் வீட்டில் யாராவது அரிசி மென்றால் வைய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள்.